இரைப்பைக்குள் எட்டிப் பார்த்த மருத்துவர்

ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்கிய கணத்திலேயே நாம் அதை மறந்துவிடுகிறோம். அதன் பிறகு நடப்பதெல்லாம் நம் கண்ணுக்கும் கட்டளைக்கும் அப்பாற்பட்டவை. வாயில் உமிழ்நீரோடு கலந்த உணவு, உணவுக்குழாய் வழியாகச் சில நொடிகளில் இரைப்பையை அடைகிறது. அங்கு அமிலத்தோடு சேர்ந்து பிசையப்பட்டுக் கூழாகிறது. பிறகு ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் பித்தநீரும் கணையநீரும் அதன்மீது செயல்படுகின்றன. சத்துகளில் பெரும்பகுதி அங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. பள்ளி மாணவர்கள் இன்று இதைப் பாடநூலில் ஓரிரு பக்கங்களில் படித்துவிடுகின்றனர்.

இந்த அறிவு மனித குலத்துக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 200 ஆண்டுகளுக்கு முன்புகூட, இரைப்பை என்ன செய்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது அடுப்பைப்போல உணவை வேகவைக்கிறது என்றனர் சிலர். ஆட்டுக்கல்லைப்போல அரைக்கிறது என்றனர் வேறு சிலர். உணவு அங்கு அழுகிப் புளிக்கிறது என்றோரும் உண்டு. உயிருள்ள மனிதனின் இரைப்பையைத் திறந்து பார்க்க வழியில்லாததால் அந்த விவாதம் முடிவின்றி நீண்டது.

அதற்கு விடை கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மருத்துவக் கல்லூரியின் வாசலையே மிதித்திராத ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவர். அவர் பெயர் வில்லியம் போமாண்ட். இரைப்பை உடலியலின் தந்தை என்று மருத்துவ உலகம் அவரைப் போற்றுகிறது. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது இன்னொருவரின் வாழ்க்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேதான் அந்தப் புகழின் மறுபக்கமும் தெரிகிறது.

போமாண்ட் 1785 நவம்பர் 21 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் லெபனான் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் நிலத்தோடு தங்கிவிட விரும்பாமல், இருபது வயதைக் கடந்ததும் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். நியூயார்க் மாநிலத்தின் எல்லையோர ஊரான சாம்ப்ளேனில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் மருத்துவராவதற்குக் கல்லூரிப் படிப்பு கட்டாயமில்லை. அனுபவம் மிக்க மருத்துவர் ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்து தொழில் பழகலாம். போமாண்டும் வெர்மாண்ட் மாநிலத்தில் பெஞ்சமின் சாண்ட்லர் என்ற மருத்துவரிடம் சேர்ந்தார். அங்குக் கண்ட நோய்களையும் தந்த மருந்துகளையும் நாள்தோறும் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு வந்தது. பிற்காலத்தில் அவரை உலகறியச் செய்ததும் அந்தப் பழக்கம்தான்.

1812-இல் மருத்துவத் தொழிலுக்கான உரிமம் பெற்ற கையோடு, பிரிட்டனுடன் மூண்ட போரில் ராணுவ உதவி மருத்துவராகச் சேர்ந்தார். போர்க்களங்களில் கை கால் அகற்றும் அறுவைச் சிகிச்சைகளை இரவு பகலாகச் செய்தார். போர் முடிந்த பின் பிளாட்ஸ்பர்க் நகரில் சில காலம் தனியாகத் தொழில் நடத்திவிட்டு, மீண்டும் ராணுவத்துக்கே திரும்பினார். அவருக்குக் கிடைத்த இடம் ஹியூரான் ஏரியில் உள்ள மாக்கினா தீவு. விலங்குத் தோல் வணிகத்தின் பெரிய சந்தையாக விளங்கிய அந்தத் தீவில், கோடை வந்தால் தோல் மூட்டைகளோடு படகுகள் வந்து குவியும். அங்கிருந்த கோட்டையின் மருத்துவரே தீவு முழுவதற்கும் மருத்துவர்.

1822 ஜூன் 6 அன்று காலை, அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்றடிக்கும் குறைவான தொலைவில் நின்றிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இடப்பக்க மார்பின் கீழே குண்டுகள் பாய்ந்தன. பிரெஞ்சு மொழி பேசும் கனடா நாட்டவரான அவர், கம்பெனிக்காகப் படகு வலிக்கும் கூலித் தொழிலாளி; எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறிது நேரத்தில் வந்து சேர்ந்த போமாண்ட் கண்டது கோரமான காட்சி. விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கியிருந்தது. இரைப்பையில் ஏற்பட்ட ஓட்டை வழியாகக் காலையில் உண்ட உணவு வெளியேறிக்கொண்டிருந்தது. காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போட்ட போமாண்டுக்கு, அந்த இளைஞர் இரண்டு நாள் தாங்குவார் என்ற நம்பிக்கைகூட இல்லை.

ஆனால், அலெக்சிஸ் பிழைத்துக்கொண்டார். விழுங்கிய எதுவும் காயத்தின் வழியே வெளியே வந்துவிட்டதால், முதல் 17 நாள்கள் ஆசனவாய் வழியாகச் செலுத்தப்பட்ட திரவ உணவே அவரைக் காப்பாற்றியது. பிறகு கட்டின் அழுத்தத்தால் உணவு உள்ளே தங்கத் தொடங்கியது. காய்ச்சலும் சீழும் எலும்புத் துண்டுகள் வெளியேறும் வேதனையுமாக மாதங்கள் கழிந்தன. இந்தக் காலமெல்லாம் போமாண்ட் அவரைக் கைவிடவில்லை. காயம்பட்ட கூலியாளைப் பராமரிக்கப் பொதுப்பணம் தர முடியாது என்று கூறி, உள்ளூர் நிர்வாகம் அவரைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட முனைந்தது. அந்த நிலையில் நெடுந்தொலைவு படகுப் பயணம் அவரைக் கொன்றுவிடும் என்பதை உணர்ந்த போமாண்ட், 1823-இல் அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். ராணுவ மருத்துவரின் சொற்ப ஊதியத்தில் மனைவி, குழந்தையோடு வாழ்ந்தவர் அவர். அந்த மனிதாபிமானத்தை யாரும் மறுக்க முடியாது.

காயம் ஆறியது, ஓட்டை மட்டும் மூடவில்லை. கிழிந்த இரைப்பையின் விளிம்பு மார்புச் சுவரோடு ஒட்டி வளர்ந்து, நிலையான துளையாகிவிட்டது. காலப்போக்கில் இரைப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து கதவைப்போல அந்தத் துளையை மறைத்தது. விரலால் அதை அழுத்தினால் உள்ளே பார்க்கலாம். தையலிட்டுத் துளையை மூடிவிட முன்வந்ததாகவும், அலெக்சிஸ் அதற்கு இணங்கவில்லை என்றும் போமாண்ட் எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் அதற்காக அவர் எந்த அளவுக்கு முயன்றார் என்ற ஐயத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் சிலர் எழுப்பியுள்ளனர்.

உயிருள்ள மனிதனின் இரைப்பைக்கு ஒரு சாளரம் திறந்திருக்கிறது என்பதன் பொருள் போமாண்டுக்கு மெல்லப் புரிந்தது. ராணுவத் தலைமை மருத்துவர் ஜோசப் லவெல் அவரை ஊக்குவித்தார். 1825-இல் நயாகரா கோட்டைக்கு மாற்றப்பட்டபோது அலெக்சிஸையும் உடன் அழைத்துச் சென்றார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நண்பகல் 12 மணிக்கு, மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த உப்பிறைச்சி, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றின் சிறு துண்டுகளைப் பட்டு நூலில் இடைவெளி விட்டுக் கட்டி, துளை வழியாக உள்ளே இறக்கினார். 1 மணிக்கு வெளியே இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகளில் மாற்றமில்லை. 2 மணிக்குப் பார்த்தபோது முட்டைக்கோஸ், ரொட்டி, கொழுப்பு, வேகவைத்த இறைச்சி ஆகியவை நூலில் இல்லை, முற்றிலும் கரைந்துவிட்டிருந்தன. அலெக்சிஸுக்கோ வயிற்று வலி தொடங்கியது. அடுத்தடுத்த நாள்களிலும் குமட்டலும் தலைவலியும் நீடிக்கவே, மருந்து மாத்திரைகளையும் அதே துளை வழியாகவே போட வேண்டியதாயிற்று.

சில நாள்களில் அதைவிட முக்கியமான சோதனையைப் போமாண்ட் செய்தார. 17 மணி நேரம் அலெக்சிஸைப் பட்டினி இருக்கச் செய்து, ரப்பர் குழாய் மூலம் இரைப்பை நீரைச் சேகரித்தார். அதைக் குப்பியில் ஊற்றி, இறைச்சித் துண்டை அதில் இட்டு, உடல் வெப்பத்தை ஒத்த 100 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வைத்தார். இரைப்பைக்கு உள்ளே நடந்ததைவிட மெதுவாக என்றாலும், குப்பியிலும் இறைச்சி கரைந்தது. செரிமானம் என்பது வேகவைத்தலும் அல்ல, அரைத்தலும் அல்ல, அழுகுதலும் அல்ல. அது ஒரு வேதிவினை. நூற்றாண்டுகள் நீடித்த விவாதத்தை அந்தச் சிறு குப்பி தீர்த்து வைத்தது.

ஆனால், அந்த ஆண்டே அலெக்சிஸ் யாரிடமும் சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அங்குத் திருமணம் செய்துகொண்டார், குழந்தைகள் பிறந்தன. ஓட்டையோடு கூடிய வயிற்றை வைத்துக்கொண்டே கடின உழைப்பில் ஈடுபட்டார். போமாண்ட் விடவில்லை. தோல் வணிகக் கம்பெனியின் ஆள்கள் மூலம் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, 1829-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த கிராஃபோர்டு கோட்டைக்குக் குடும்பத்தோடு வரவழைத்தார். அங்கு அலெக்சிஸ் பகலில் விறகு பிளந்தார். வீட்டு வேலைகளைச் செய்தார். மருத்துவர் அழைக்கும்போது சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். 1831-இல் குடும்பத்தோடு மீண்டும் ஊர் திரும்பினார்.

1832-இல் இருவருக்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 150 டாலர், உணவு, உடை, தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஈடாக, போமாண்ட் செல்லும் இடமெல்லாம் சென்று, அவர் செய்யும் சோதனைகளுக்கெல்லாம் உடலைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திடத் தெரியாத அலெக்சிஸ் அதில் ஒரு குறியிட்டார். வாஷிங்டனில் சோதனைகள் தொடர்ந்தன. செலவைச் சமாளிப்பதற்காக அலெக்சிஸுக்கு ராணுவத்தில் சார்ஜென்ட் பதவியும் தரப்பட்டது.

1833-இல் போமாண்டின் நூல் பிளாட்ஸ்பர்க்கில் அச்சானது. அதில் 238 சோதனைகளும் அவற்றிலிருந்து பெறப்பட்ட 51 முடிவுகளும் இடம்பெற்றிருந்தன. இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் 1824-இலேயே கூறியிருந்தார். மனித இரைப்பையிலிருந்து நேரடியாக எடுத்த நீரைப் பேராசிரியர் டங்லிசன் மூலம் பகுப்பாய்வு செய்து போமாண்ட் அதை உறுதிப்படுத்தினார். அமிலத்தோடு வேறொரு பொருளும் செயல்பட வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1836-இல் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் கண்டறிந்த பெப்சின் என்ற நொதியே அது.

அந்த நூலின் முடிவுகளில் பல இன்றைய வாசகருக்கும் பயன்படுபவை. உணவு வராதபோது இரைப்பை நீர் சுரந்து தேங்கியிருப்பதில்லை; உணவு வந்த பிறகே சுரக்கிறது. சுரக்கும் நீருக்கு ஓர் அளவு உண்டு; அதை மீறி உண்டால் மிகுதி செரிக்காமல் தொல்லை தருகிறது. நன்றாக மென்ற உணவு விரைவில் கரைகிறது. கொழுப்பு நெடுநேரம் தங்குகிறது. வேகவைத்த சோறு 1 மணி நேரத்திலும், வறுத்த பன்றி இறைச்சி 5 மணி நேரத்துக்கு மேலும் இரைப்பையைக் கடந்ததாக அவருடைய அட்டவணை கூறுகிறது.

மனநிலைக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பையும் அவர் கண்ணால் கண்டார். அலெக்சிஸ் சினம் கொண்ட நாள்களில் இரைப்பையின் தோற்றமும் செரிமானத்தின் வேகமும் மாறின. பித்தநீர் இரைப்பைக்குள் வந்து சேர்ந்தது. தொடர்ந்து சில நாள்கள் மது அருந்திய பிறகு உட்சுவரில் சிவந்த திட்டுகளும் புண்களும் தோன்றியிருந்தன. ஆனால், அலெக்சிஸுக்கு வலியோ பசியின்மையோ இல்லை. தொல்லை தெரியவில்லை என்பதால் கேடு இல்லை என்று பொருளல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நூல் அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியில் வெளியானது. ஐரோப்பாவின் ஆய்வகங்களில் நாய்களின் வயிற்றில் செயற்கையாகத் துளையிட்டு ஆராயும் முறை பிறந்தது. அந்த வழியில் நடந்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், செரிமான உடலியலுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றார்.

போமாண்டின் சோதனைகள் அந்த நூலோடு நின்றுபோயின. 1834-இல் ஊருக்குச் சென்ற அலெக்சிஸ் அதன் பிறகு திரும்பவேயில்லை. செயின்ட் லூயி நகரில் குடியேறி, ராணுவத்திலிருந்து விலகித் தனியாகத் தொழில் நடத்திய போமாண்ட், ஆண்டுக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். கூடுதல் பணம் தருவதாகச் சொன்னார். அலெக்சிஸ் தன் மனைவி மக்களோடு வர வேண்டும் என்றார். போமாண்ட் அவரை மட்டும் அழைத்தார். பேரம் முடியவேயில்லை. 1853 மார்ச்சில் நோயாளி ஒருவரின் வீட்டுப் படிகளில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்த போமாண்ட், ஏப்ரல் 25 அன்று தன் 67-ஆம் வயதில் காலமானார்.

அலெக்சிஸ் அவருக்குப் பின்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். வறுமை அவரை விடவில்லை. ஒரு கட்டத்தில் காட்சி நடத்துபவர் ஒருவர் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று, வயிற்றின் ஓட்டையைக் காட்டிப் பணம் ஈட்டினார். 1880 ஜூன் 24 அன்று கியூபெக் மாகாணத்தில் அவர் இறந்தபோது, உடலை ஆராய மருத்துவ உலகம் ஆவலோடு காத்திருந்தது. புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இரைப்பையைப் பெற்று வாஷிங்டன் ராணுவ அருங்காட்சியகத்துக்கு அனுப்ப முயன்றார். குடும்பத்தினர் உறுதியாக மறுத்துவிட்டனர். யாருக்கும் பயன்படாதபடி உடலை வெயிலில் அழுக விட்டு, 8 அடி ஆழக் குழியில் புதைத்தனர். உயிரோடு இருந்தபோது காக்க முடியாத அவரது உடலை, இறந்த பிறகேனும் காத்தனர்.

போமாண்டைக் கொடியவர் என்று சொல்வது நியாயமாகாது. எல்லோரும் கைவிட்ட ஒருவரின் உயிரைக் காத்தவர் அவர்; தான் கண்டதை மட்டுமே எழுதிய நேர்மையாளர். சோதனைக்கு ஆளாகுபவரின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும் என்று அக்காலச் சட்டம் எதுவும் கோராதபோதும் ஒப்பந்தம் எழுதியவர். ஆனால், அலெக்சிஸின் நிலையிலிருந்து பார்த்தால் அந்த ஒப்புதலின் மதிப்பு என்ன? தன் உயிரைக் காத்தவர் கேட்கிறார். உணவும் கூலியும் தருபவர் கேட்கிறார். தான் படிக்க முடியாத தாளை நீட்டிக் கேட்கிறார். இத்தனைக்கும் நடுவே மறுப்பதற்கு அந்தக் கூலித் தொழிலாளிக்கு இருந்த ஒரே வழி, சொல்லாமல் ஓடிப்போவது. அதை அவர் செய்தார். போமாண்ட் அதை நன்றிகெட்ட செயலாகவே கருதினார்.

அவருக்கு முந்தைய இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, உணவு பொதிந்த சிறு பைகளைத் தானே விழுங்கிச் செரிமானத்தை ஆராய்ந்தவர். 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், இரைப்பை அழற்சிக்குக் கிருமியே காரணம் என்பதைக் காட்டக் கிருமி கலந்த நீரைத் தானே குடித்தார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். தன் உடலைத் தருவது துணிவு. பிறர் உடலைப் பெறுவதோ ஒரு கடன். அந்தக் கடனை உயிர்காத்த நன்றியில் கழித்துவிட முடியாது என்பதை உணர மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1947-இன் நியூரம்பர்க் நெறிமுறையும் 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனமும், ஆய்வுக்கு உட்படுபவர் முழுதும் அறிந்து, அச்சமோ வற்புறுத்தலோ இன்றி இசைய வேண்டும் என்றும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் வலியுறுத்தின. தன்னிடம் சிகிச்சை பெறுபவரிடமே மருத்துவர் ஆய்வுக்கான ஒப்புதல் கேட்கும்போது, அது மரியாதையாலோ பயத்தாலோ வந்த தலையாட்டலா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதும் இன்று ஏற்கப்பட்ட நெறி.

அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றுக்குப் போமாண்டின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அலெக்சிஸ் அடக்கம் செய்யப்பட்ட ஊரின் தேவாலயத்தில், அவர் இறந்து 82 ஆண்டுகளுக்குப் பின் 1962-இல்தான் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. மருந்துக் கடையில் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை நாம் வாங்கும்போது, அதன் பின்னால் இந்த இருவரின் உழைப்பும் இருக்கிறது. ஒருவர் பார்த்து எழுதினார். மற்றவர் பட்டினி கிடந்தார், வலியைத் தாங்கினார். வரலாற்றில் முதலாமவரின் பெயர் எழுதப்படும் இடத்தில் எல்லாம் இரண்டாமவரின் பெயரும் எழுதப்படுவதே முறை.